புள்ளி மட்டும் வைத்தவர்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

போன வாரம் நீங்கள் போட்ட சண்டையை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். தம்பி பள்ளிக்கூடத்துக்காக கோமுகி அணையை வரைந்து வைத்திருந்தான். அவன் விளையாடப் போன நேரத்தில் பாப்பா அதை எடுத்து, கோணலாக இருந்த மதகுகளை நிமிர்த்தி, தண்ணீருக்கு நிழல் போட்டு, சொல்லாமல் அதே இடத்தில் வைத்துவிட்டாள். டீச்சர் தம்பியைப் பாராட்டி அந்தப் படத்தை வகுப்பில் ஒட்டிவிட்டார்கள். "அது நான் போட்டது" என்று பாப்பா அழுதாள். "போடீ, நான்தான் போட்டேன்" என்று தம்பி கத்தினான். படத்தை என் போனில் பிடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, எந்தக் கோடு யாருடையது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு பேருமே முழித்தீர்கள்.

அப்போது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். தன் பெயரை எங்கேயும் பார்க்கப் பிடிக்காதவர் அவர். அதனால்தான் எல்லாம் கெட்டது என்றும் சொல்லலாம்.

என் ஆபீஸ் உங்களுக்குத் தெரியும். கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் உரக்கடைக்கு மேல் மாடி. கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆன பிறகு வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று முதலாளி தினமும் புலம்புவார். ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கு வண்டி எடைமேடையில் ஏறினால், எடையைப் பிடித்து ரசீது அடிக்கிற சாப்ட்வேரை நாங்கள் செய்து கொடுத்தோம். நான் ஐ.டி.ஐ. படித்தவன். மில் மில்லாகப் போய் கேபிள் மாட்டுவது, பிரிண்டர் மாட்டுவது என் வேலை. சாப்ட்வேரை எழுதுகிறவர் அவர். ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர்தான் எழுதினார்.

ஒரு பொருள் தன் கையில் வந்தால் அது வந்தபடியே திரும்பிப் போகாது, அதுதான் அவர். என் வண்டியைக் கடன் வாங்கி டீக்கடை வரை போய் வருவார். மறுநாள் நான் கிளட்ச் பிடித்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

"அண்ணே, வண்டியில ஏதாச்சும் பண்ணீங்களா?"

"இன்னாது? ஒண்ணும் பண்ணலியே."

கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். செய்ததைச் சொன்னால் பீற்றிக்கொள்வது மாதிரி அவருக்கு. "செஞ்சிட்டு அத்த வேற சொல்லிக்கினு திரியணுமா?" என்பார். அடுத்த வீட்டு அம்மாவிடம் மழைக்குக் குடை வாங்கிப் போனார். உடைந்த கம்பியைக் கட்டி, ஓட்டையைத் தைத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "இது என் கொட இல்லீங்க, என் கொட ஓட்டக் கொட" என்று வாங்க மாட்டேன் என்றார்களாம். அப்போதும் இவர், தான் தைத்தேன் என்று சொல்லவில்லை. "உங்களுதுதாங்க, உங்களுதுதாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார்.

அவருடைய பெண்ணுக்குக் காது குத்தினபோது ஆபீஸில் எல்லாரும் போனோம். சாப்பிட்டு முடித்த இடத்தில் அவர் மனைவி எங்களிடம் கதை சொன்னார்கள்.

"எங்கம்மா வூட்டுலேர்ந்து மீன் கொழம்பு தூக்குல வரும். இவரு எனக்குத் தெரியாம அடுப்புல வெச்சு, கொஞ்சம் புளி ஊத்தி, வெந்தயம் தட்டிப் போட்டு எறக்கிடுவாரு. நான் எங்கம்மா கைமணம், எங்கம்மா கைமணம்னு தெரு பூரா சொல்லிக்கினு இருந்தேன். ஒரு நாளு எங்கம்மாவே வந்து எங்க வூட்டுல ஆக்குச்சு. வாயில வைக்க முடியல. ஏம்மா இப்படி ஆக்கி வெச்சிருக்கன்னு கேட்டுட்டேன். அழுதுகினே பஸ் ஏறிடுச்சு."

"அப்பவாச்சும் சொன்னாரா?"

"எங்க சொன்னாரு! ஒரு வருஷம் கழிச்சு, புளி கரைக்கிறப்போ நானே கையும் களவுமா புடிச்சேன்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் பந்தி இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இன்று அந்தக் கதை ஞாபகம் வந்தால், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் பஸ்ஸில் அழுதுகொண்டு போன அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன்.

இனி ஆபீஸ் விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் புரியும்.

எங்கள் சாப்ட்வேரில் எல்லாமே நாங்கள் எழுதினது இல்லை. எடைக் கருவி காட்டுகிற எண்ணைக் கம்பி வழியாக வாங்கி கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற பகுதி வெளியார் எழுதியது. எந்த நாட்டுக்காரரோ, எழுதி இலவசமாக இன்டர்நெட்டில் போட்டிருந்தார். அதை எடுத்து வந்து நாங்கள் எழுதினதோடு சேர்த்துக்கொண்டோம். அதில் தப்பில்லை, உலகம் பூராவும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எழுதினதையெல்லாம் பத்திரமாக வைக்க ஒரு ஏற்பாடு உண்டு. வெர்ஷன் கன்ட்ரோல் என்பார்கள். ஆபீஸில் அதை ரெப்போ என்று சொல்வோம். நேற்று என்ன இருந்தது, இன்று எந்த வரி மாறியது, யார் மாற்றினார்கள், எதற்காக என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு முறை உள்ளே வைக்கும்போதும், என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கும். எழுதாமல் விடாது. நம்மவர் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். ஒரே ஒரு புள்ளி. எத்தனை வருஷம் பின்னால் போய்ப் பார்த்தாலும் அவர் பெயருக்கு எதிரே புள்ளிதான்.

வெளியார் எழுதியதை உள்ளே கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. வந்ததை வந்தபடியே, ஒரு எழுத்துகூடத் தொடாமல், முதலில் தனியாக ஒரு கிளையில், அதாவது அலமாரியில் தனித் தட்டு மாதிரி ஒரு இடத்தில், வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் கையை வைக்கலாம். அப்போதுதான் அவர்களுடையது எது, நம்முடையது எது என்று எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்க முடியும். அவர்கள் நாளைக்குப் புதிதாக ஒன்று அனுப்பினாலும், அதைத் தனிக் கிளையில் வைத்து, நாம் செய்ததை அதன்மேல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. கொண்டுவந்தார், பிரித்தார், குடையைத் தைத்த மாதிரி அங்கங்கே தைத்தார், எல்லாவற்றையும் மொத்தமாக உள்ளே வைத்தார். புள்ளி வைத்தார்.

அப்படித் தைத்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு வண்டிகள் வளைவு வளைவாக இறங்கி வந்து, மில் வாசலில் பிரேக் போட்டு எடைமேடையில் ஏறும். ஏறினதும் மூட்டைகளோடு வண்டி ஆடும். எண் ஏறும், இறங்கும். அந்த நேரத்தில் எடுத்தால் எடை தப்பாக விழும். வெளியார் எழுதியது அதைப் பார்க்காது, கேட்டதும் கையில் இருக்கிற எண்ணைக் கொடுத்துவிடும். இவர் ஒரு நாள் மில் வாசலில் டீ குடித்துக்கொண்டே வண்டிகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். ஆபீஸுக்கு வந்து, ஆட்டம் நின்று எண் நிலைத்த பிறகுதான் ரசீது அடிக்கும்படி மாற்றிவிட்டார். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

சில வருஷம் கழித்து மில்களில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பழையது அதில் ஓடவில்லை. வெளியார் புதுப் பதிப்பு போட்டிருந்தார். அதை உள்ளே கொண்டுவருகிற வேலை புதிதாகச் சேர்ந்திருந்த ரிஷிவந்தியத்துப் பொண்ணுக்கு வந்தது. படித்த பொண்ணு, முறை தெரிந்த பொண்ணு. பழையதை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் வந்து கேட்டது. நான் அங்கேதான் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இதுல நீங்க ஏதாச்சும் மாத்தி இருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க, புதுசுலயும் சேத்துடறேன்."

அவர் திரையைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அங்க இங்க தட்டி உட்டுருப்பேன்மா. பெருசா ஒண்ணும் இல்ல."

"நிச்சயமாவாண்ணா?"

"நீ போடும்மா."

அந்தப் பொண்ணு புதியதைப் போட்டது. பழையது போனது. அவர் பொய் சொல்லவில்லை பாப்பா. தான் செய்தது எதுவும் பெரியது என்று அவர் நிஜமாகவே நினைக்கவில்லை.

அந்த வருஷக் கிழங்கு வெட்டு தொடங்கியது. வண்டி ஏறினதும் ரசீது விழுந்தது. மில்காரர்களுக்குச் சந்தோஷம். "புதுசு நல்லா ஸ்பீடா கீதுப்பா" என்று என் முதுகில் தட்டினார்கள். ஆடுகிற வண்டி சில நேரம் ஜாஸ்தி காட்டும், சில நேரம் கம்மி காட்டும். ஜாஸ்தி விழுந்தால் மில் சூப்பர்வைசருக்குக் கண் தெரியும். "இன்னாய்யா இது, எறக்கி மறுபடி ஏத்து" என்பார். கம்மி விழுந்தால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுத் திருடவில்லை. தப்பு இரண்டு பக்கமும்தான் நடந்தது. திருத்தினது ஒரு பக்கம் மட்டும்.

ஒரு நாள் மத்தியானம் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். கையில் ரசீது. ரசீதின் அடியில் எங்கள் ஆபீஸ் பெயர் அச்சாகியிருக்கும். அதை யாரையோ படிக்கச் சொல்லி, வழி கேட்டு வந்திருக்கிறார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டரு உங்களுதா?"

"ஆமாம்மா, இன்னா விஷயம்?" என்றார் முதலாளி.

"எப்பவும் ஏத்துற டெம்போதான், எப்பவும் ரொப்புற மூட்டைதான். கெழங்கு இந்த வருஷம் பெருத்திருக்குது. உங்க ரசீதுல மட்டும் எளச்சுப் போச்சு."

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றனா?"

முதலாளி என்னைப் பார்த்தார், அனுப்பிவிடு என்கிற மாதிரி. அதற்குள் நம்மவர் எழுந்து வந்துவிட்டார். அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி ஏறினப்போ, ஆட்டம் நின்னப்புறம் ரசீது குடுத்தாங்களா, ஏறின ஒடனேவா?"

"ஏறின ஒடனே டக்குனு கிழிச்சுக் குடுத்துட்டாங்க சாமி. மின்னெல்லாம் நேரமாவும்."

அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. 

அந்த அம்மா போன பிறகு முதலாளி கதவைச் சாத்தினார். "அத்த நான் முன்னாடியே சரி பண்ணியிருந்தேன்" என்றார் இவர். "எங்க? காட்டு" என்றார் முதலாளி. ரிஷிவந்தியத்துப் பொண்ணு ரெப்போவைத் திறந்து, அந்தப் பகுதி முதன்முதலில் உள்ளே வந்த இடத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான வரிகள், ஒரே மூட்டையாக. எதிரே அவர் பெயர். என்ன செய்தார் என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி.

"இதுல எதுண்ணா நீங்க எழுதினது?" அந்தப் பொண்ணு மெதுவாகத்தான் கேட்டது. உதவி செய்கிற மாதிரிதான் கேட்டது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். மேலே போனார், கீழே வந்தார். ஒரு இடத்தைக் காட்டி, இது என்னுடையது என்றார். அந்தப் பொண்ணு புதுப் பதிப்பைத் திறந்து காட்டியது. அந்த வரிகள் அதிலும் இருந்தன, அவை வெளியாருடையவை. இன்னொரு இடத்தைக் காட்டினார். அதுவும் அவர்களுடையது. வெளியார் முதலில் கொடுத்தபடி ஒரு நகல் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷத்தில் பிரித்திருக்கலாம். அந்த நகலை அவர் எங்கேயும் வைக்கவில்லை. இன்டர்நெட்டில் தேடினால் அந்த ஆள் பழைய பதிப்பை எடுத்துவிட்டிருந்தார். கடைசியில், ஆட்டம் நிற்கும் வரை காத்திருக்கச் சொல்கிற வரிகள் அகப்பட்டன. புதுப் பதிப்பில் அவை இல்லை, ஆனால் வெளியாரே எழுதிப் பிறகு எடுத்திருக்கலாம்; இவர் எழுதியவைதான் என்பதற்கு இவர் வாயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப எல்லாமே வெளிநாட்டுக்காரன் எழுதினது," என்றார் முதலாளி. "நீ இத்தினி வருஷம் இங்க உக்காந்துக்கினு இன்னா கிழிச்சே?"

"சார், அப்படிச் சொல்லாதீங்க," என்றேன் நான். "அண்ணன் வேலையை நான் மில்லுல பாத்திருக்கேன்."

"நீ பிரிண்டரப் பாரு."

அவர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். என்ன பேசுவார்? வெளியிலிருந்து வந்ததோடு தன்னைத் தானே கரைத்துக்கொண்டவர்.

அந்தப் பொண்ணு அன்றே அவர் சொல்லச் சொல்ல அதை மறுபடி எழுதியது. இந்த முறை ஒழுங்காக. வெளியார் கொடுத்தது தனிக் கிளையில் வந்தபடியே இருந்தது. அதன்மேல் எங்கள் மாற்றம், எதற்காக என்று நீளமாக ஒரு குறிப்பு. கீபோர்டில் தட்டினவர் பெயர்தான் அங்கே விழும். அந்தப் பொண்ணு பெயர் விழுந்தது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கசக்கிறது.

குறைந்த எடைக்குக் காசு கொடுக்கச் சொல்லி நாங்கள் மில்லில் போய்க் கேட்டதற்கு, "அடிச்ச ரசீது அடிச்சதுதான்" என்றார்கள். முதலாளி எல்லா மில்லுக்கும் போன் போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த சாப்ட்வேரில் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி முடித்துக்கொண்டார். மலையிலிருந்து இறங்கின மற்ற வண்டிகள் எத்தனை, யாருக்கு எவ்வளவு குறைந்தது, யாரும் பார்க்கவில்லை.

நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பார்க்க மலைக்குப் போக வேண்டும் என்றார். நானும் பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தோம். அந்த அம்மா கொல்லையில் அடுத்த நடவுக்கு மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. குறைந்ததைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் முழுவதையும் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் செய்ததைத் தன் வாயால் சொன்னார். வண்டி நிற்கிற வரைக்கும் காத்திருக்கும்படி நான்தான் முன்பு மாற்றி வைத்திருந்தேன், அது போய்விட்டது, உங்கள் மேல் தப்பில்லை, உங்கள் கிழங்கு மேலும் தப்பில்லை என்றார்.

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"மின்ன நல்லா வெச்சிருந்தது நீதான்னு சொல்ற. அது எனக்கு எப்பிடி சாமி தெரியும்? நல்லா இருந்தப்ப, மில்லுக்காரனுங்க நியாயமா எட போடுறானுங்கன்னு நெனச்சேன். மத்த மில்லுல வெல ஜாஸ்தி குடுக்கிறேன்னு கூப்ட்டான். இவன் எட சரியா போடுவான்னுதான் இங்கியே கொண்டாந்தேன்."

 அந்த அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் கரியாலூர் தாண்டின பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லியிருக்கணுமா இன்னா?"

"சொல்லியிருக்கணும்ண்ணே."



அடுத்த மாதம் அவர் நின்றுவிட்டார். முதலாளி தடுக்கவில்லை. அவர் போன பிறகு புதுசு புதுசாகக் கோளாறு வந்தது. கம்பி தளர்ந்தால் சைபர் எடையில் ரசீது விழுந்தது, கரண்ட் போய் வந்தால் பழைய வண்டியின் எடை புது வண்டிக்கு விழுந்தது. இதெல்லாம் முன்பு ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் முதலாளி அவரையே திட்டினார்.

இந்த வருஷம் சங்கராபுரம் போனபோது அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பதைக் கேள்விப்பட்டுப் போனேன். தலை நரைத்திருந்தது. "வாப்பா" என்றார். சார்ஜ் நிற்கவில்லை என்று என் போனைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வாங்கினேன். பின்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, எதை மாற்றினார் என்று தெளிவாக எழுதியிருந்தார். அடியில் அவர் கையெழுத்து.

"சார்ஜ் போடுற எடம் மட்டும் மாத்தியிருக்கு. வேற எதுலயும் கை வெக்கல. வந்தபடியே கீது, பாத்துக்க."

போனில் அழுக்கு அடைத்து, எதிராளி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிக் கேட்கும். பழைய ஆளாக இருந்தால் நான் சொல்லாமலே ஊதித் துடைத்திருப்பார்.

"ண்ணே, சத்தம்கூட சரியாக் கேக்க மாட்டேங்குது. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ சொல்லலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த போனை எடுத்து வைத்துக்கொண்டார்.

பாப்பா, தம்பியின் படத்தில் நீ கை வைத்தது தப்பு என்று சொல்லவா, சொல்லாமல் கை வைத்ததுதான் தப்பு என்று சொல்லவா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வரை எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று. சங்கராபுரத்திலிருந்து வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அந்த வெள்ளிமலை அம்மா கிழங்கு போட்ட அதே மில்லில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வெளியார் மறுபடியும் ஒரு புதுப் பதிப்பு போட்டிருந்தார். அதை அந்தப் பொண்ணு முறைப்படி உள்ளே கொண்டுவந்து கொடுத்திருந்தது. நான் மாட்ட வேண்டியது. மில் லீவு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். மாட்டி முடித்துவிட்டு, என் வண்டியை எடைமேடை மேல் ஏற்றி நிறுத்தினேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறையின் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு ரசீதுப் பொத்தானை அழுத்திவிட்டு, வண்டியைப் பிடித்து ஆட்டினேன். திரையில் எண் ஏறியது, இறங்கியது. ரசீது வரவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தேன். அது காத்திருந்தது. கை வலித்த பிறகு விட்டேன். வண்டி நின்றது, எண் நின்றது, ரசீது வெளியே வந்தது.

கிழித்து எடுத்தேன். அடியில் எங்கள் ஆபீஸ் பெயர் இருந்தது. பேனாவை எடுத்து அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கீழே இறக்கினேன்.